வாடகை வேறு, வருமானம் வேறு
ஒரு வங்கிக் கட்டடத்தின் கணக்கு

மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு



வேல்யுவேஷன் என்றால் நம் வகுப்பில் பலருக்கும் பரீட்சையில் வரும் ஒரு பெரிய கணக்கு என்ற அளவில்தான் ஞாபகம் இருக்கும். கிராஸ் ரெண்டிலிருந்து அவுட்கோயிங்ஸைக் கழி, வந்த நெட் ரெண்டை இயர்ஸ் பர்ச்சேஸால் பெருக்கு, விடைக்குக் கீழே இரண்டு கோடு போடு, முடிந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன். போன தை மாதம் எங்கள் தாய்மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நிஜக் கட்டடத்துக்குக் கணக்குப் போட வேண்டி வந்தது. பாடப் புத்தகத்தில் அந்தப் பாடம் எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

திண்ணையில் தொடங்கிய பாடம்

எங்கள் ஊர் சேத்தூர். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற நெடுஞ்சாலையில் உள்ள பழைய ஜமீன் ஊர். அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவன் நான் ஒருவன்தான். மாமா பதினெட்டு வருஷம் சவூதியில் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கையில் 10 லட்சம் சேமிப்பு. மெயின் ரோட்டில் நாலரை சென்ட் காலி மனை. அவருடைய பதினெட்டு வருஷ வெயிலும் இந்த இரண்டில்தான் அடக்கம்.

ஒருநாள் புரோக்கர் ஒருவர் வந்தார். "ஒரு பேங்க் கிளைக்கு இடம் பாக்குறாங்க. நீங்க கட்டிக் குடுத்தாப் போதும், பதினஞ்சு வருஷம் லீஸ். மாசம் முப்பதாயிரம். கட்டடத்துக்கு முப்பது லட்சம் ஆகும். வருஷத்துக்கு மூணு லட்சத்து அறுபதாயிரம் வாடகை. போட்ட பணத்துக்குப் பன்னெண்டு பர்சென்ட்! எந்த டெபாசிட்ல இது கெடைக்கும்? கவர்மெண்ட் சம்பளம் மாதிரி ஒண்ணாந் தேதி வந்து விழும்" என்றார். குறைகிற 20 லட்சத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனாலும் என்னைக் கூப்பிட்டு, "மாப்ளே, நீ இதத்தான படிக்கிற? அவரு சொல்றது சரியான்னு போட்டுச் சொல்லு. நீ சொன்னா செய்வேன், வேண்டாம்னா விட்ருவேன்" என்றார். மார்க் போனால் அரியர் எழுதலாம். மாமாவின் மனை போனால் எதை எழுதுவது? அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் தவறு: நிலத்தை மறப்பது

புரோக்கர் சொன்ன 12 சதவிகிதத்தில் பெருக்கல் தப்பில்லை. 30 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய் என்றால் 12 சதவிகிதம்தான். தப்பு எங்கே என்றால், மனையின் விலையை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அது உங்க சொந்த இடம்தானே" என்று தள்ளிவிட்டார். சொந்த இடம் என்றால் இலவச இடமா? அந்த மனையை விற்றால் பணம் வரும். அந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டால் அது சம்பாதிக்கும். ஆகவே மனையும் மாமா போடுகிற முதல்தான்.

அந்த ரோட்டில் அப்போது கேட்கப்பட்ட விலையை வைத்து, சென்ட் 4 லட்சம் என்று போட்டேன். நாலரை சென்டுக்கு 18 லட்சம். கட்டடம் 30 லட்சம். மொத்த முதல் 48 லட்சம். இப்போது 3,60,000 ரூபாயை 48 லட்சத்தால் வகுத்தால் வருவது ஏழரை சதவிகிதம். ஒரு வரியைச் சேர்த்ததுமே பன்னிரண்டு ஏழரை ஆகிவிட்டது!

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. நியாய வாடகை எவ்வளவு என்பதற்கு அந்தச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருந்தது. கட்டடத்தின் மொத்த மதிப்பில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவிகிதம், மற்றவற்றுக்கு 12 சதவிகிதம். இந்த மொத்த மதிப்பில் மனையின் சந்தை விலையும் சேரும். புரோக்கர்கள் வாயில் வரும் "பன்னெண்டு பர்சென்ட்" ஒருவேளை அங்கிருந்து வந்த பழக்கமாகக்கூட இருக்கலாம். ஆனால் சட்டத்தின் 12 மனையையும் சேர்த்தது, நம் புரோக்கரின் 12 மனையை விட்டது. தவிர, சட்டம் சொன்னதும் செலவு கழிக்காத கிராஸ் வருமானம்தான். அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது.

இரண்டாம் தவறு: வாடகையை அப்படியே வருமானம் என்பது

அடுத்து அவுட்கோயிங்ஸ். வீட்டுக்காரர் கையில் வந்த வாடகை முழுவதும் அவருடையது அல்ல. ஒரு வருஷத்துக்கு நான் போட்ட கணக்கு இது:

சொத்து வரி: ரூ. 15,000
இன்சூரன்ஸ்: ரூ. 5,000
பழுதுபார்ப்பு, ஒரு மாத வாடகை அளவு: ரூ. 30,000
சிங்கிங் ஃபண்ட்: ரூ. 5,064
மொத்தம்: ரூ. 55,064

சிங்கிங் ஃபண்ட் பற்றி ஒரு வார்த்தை. கட்டடத்தின் ஆயுள் 60 வருஷம் என்று வைத்தேன். 30 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு ஸ்கிராப் மதிப்பு போக மீதி 27 லட்சம். 60 வருஷ முடிவில் இந்த 27 லட்சம் கையில் இருக்க வேண்டுமானால், 6 சதவிகித வட்டியில் வருஷா வருஷம் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும்? வட்டி வீதத்தை, ஒன்றோடு வட்டியைக் கூட்டி 60 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்த தொகையால் வகுத்தால் 0.0018757 வருகிறது. அதை 27 லட்சத்தால் பெருக்கினால் 5,064 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் 60 வருஷம் கழித்து 27 லட்சத்துக்கு இதே கட்டடம் கட்ட முடியாது என்பதைப் புத்தகம் சொல்வதில்லை. சிமெண்ட் விலை தெரிந்த நமக்குத் தெரியும்.

நான் பெருமையாக இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரிடா, பேங்க்காரன் காலி பண்ணிட்டா?"

எனக்குச் சுரீரென்றது. நோட்டில் அந்த வரியே இல்லை!

அப்பா வேலை பார்த்த ஒரு வெளியூர்க் கட்டடத்தின் கதையைச் சொன்னார். ஒரு நிறுவனத்துக்காகவே அளவெடுத்துக் கட்டியது. சில வருஷத்தில் அவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். நடுக்கூடத்தில் கட்டிய ஸ்ட்ராங் ரூமின் காங்கிரீட் சுவரை உடைக்க அப்பாவின் ஆட்கள்தான் போனார்களாம். நாள் கணக்கில் உடைத்தும் தீரவில்லை. அந்தப் பெட்டகத்தை நடுவில் வைத்துக்கொண்டு கடைக்கும் விட முடியாமல், வீட்டுக்கும் விட முடியாமல் உரிமையாளர் திண்டாடினாராம்.

ஆகவே கணக்கைத் திருத்தினேன். ஒரு நிறுவனம் போய் அடுத்தது வர, கட்டடத்தை மாற்றி அமைக்க, எல்லாம் சேர்த்துப் பத்து மாதம் காலியாக இருக்கும் என்று வைத்தேன். பத்து மாத வாடகை 3 லட்சம். சராசரியாகப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும் என்று கொண்டால், வருஷத்துக்கு 25,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். ஆக மொத்த அவுட்கோயிங்ஸ் 80,064 ரூபாய். நெட் ரெண்ட் 2,79,936 ரூபாய். 48 லட்சத்துக்கு அது 5.83 சதவிகிதம்.

பன்னிரண்டு, ஏழரை, ஐந்தே முக்கால் சொச்சம்! ஒரே கட்டடம், ஒரே வாடகை.

இது ரொம்பப் பயந்து போட்ட கணக்கோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. வருமான வரிக் கணக்கில், வீட்டு வாடகையில் சொத்து வரியைக் கழித்த மீதியில் 30 சதவிகிதத்தைச் செலவு என்று அப்படியே கழித்துக்கொள்ள விடுகிறார்கள். நான் கழித்தது மொத்த வாடகையில் 22 சதவிகிதம்தான். அப்புறம் மனசு சமாதானம் ஆயிற்று.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். டெபாசிட்டில் போட்ட முதல் அப்படியே நிற்கும். மனையின் விலை ஏறலாம், வாடகையும் இடையிடையே உயரும். அதனால் ஐந்தே முக்கால் என்றதும் "வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட முடியாது. எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

புதுக் கட்டடத்தின் மயக்கம்

புதுக் கட்டடத்தை வாடகைக்கு விட்டவர்கள் முதல் ஐந்து வருஷம் ராஜா மாதிரி இருப்பார்கள். மொட்டைமாடி ஒழுகாது, பெயிண்ட் உதிராது, மோட்டார் மக்கர் பண்ணாது. வந்த வாடகை எல்லாம் லாபம் போலத் தோன்றும். பழுதுச் செலவு இல்லை என்பதல்ல, இன்னும் வரவில்லை என்பதே உண்மை. நம் மெட்டீரியல்ஸ் பாடம் சொல்வதுபோல, தட்டோடு தேய்ந்து, சுண்ணாம்புக் காரை வெடித்து, கம்பியில் துரு ஏறி, எல்லாம் சேர்ந்து பத்து, பதினைந்தாம் வருஷத்தில்தான் பில் வரும். சரியாக லீஸ் முடிகிற நேரம்! ஆகவே முதல் வருஷ வரவு செலவைப் பார்த்துக் கட்டடத்தின் வருமானத்தைச் சொல்லக்கூடாது. லீஸ் காலம் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும்.

பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டமே புதுக் கட்டடத்துக்குச் சலுகை தந்தது. கட்டி முடித்து உள்ளாட்சிக்குத் தெரிவித்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்கு அந்தச் சட்டம் அக்கட்டடத்தைத் தொடாது. ஆறாவது வருஷம்தான் நியாய வாடகை, காலி செய்யக் காரணம் எல்லாம் வந்து சேரும். புதுசு என்பது ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான் என்று அன்றைக்குச் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சொத்து வரியும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி உயர்த்தப்பட்டது நமக்கு நினைவிருக்கும். பதினைந்து வருஷ லீஸில் வாடகை பத்திரத்தில் எழுதியபடி நிற்கும், வரி நிற்காது. ஏறுகிற வரியை யார் கட்டுவது என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தாக வேண்டும்.

35 லட்சத்தில் எவ்வளவு பத்திரத்தில் இருக்கிறது?

இனி இயர்ஸ் பர்ச்சேஸ். முதலுக்கு 8 சதவிகிதம் வேண்டும் என்று எதிர்பார்த்தால், என்றென்றும் வருகிற வருமானத்துக்கு இயர்ஸ் பர்ச்சேஸ் 100-ஐ 8-ஆல் வகுத்த 12.5. நெட் ரெண்ட் 2,79,936-ஐ 12.5-ஆல் பெருக்கினால் 34,99,200 ரூபாய். சுமார் 35 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். போடப்போகிற முதலோ 48 லட்சம். அதாவது எட்டு சதவிகிதம் எதிர்பார்க்கிற ஒருவர் முதல் நாள் வாடகையை மட்டும் பார்த்து இந்தச் சொத்தை 35 லட்சத்துக்கு மேல் வாங்க மாட்டார். மீதி 13 லட்சமும் நாளைக்கு வாடகையும் மனை விலையும் ஏறும் என்ற நம்பிக்கை.

இங்கேதான் பரீட்சையில் நாம் யோசிக்காத ஒன்று இருக்கிறது. 12.5 என்பது என்றென்றும் வாடகை வந்தால். லீஸோ பதினைந்து வருஷம். பதினைந்து வருஷத்துக்கு மட்டும் 8 சதவிகிதத்தில் இயர்ஸ் பர்ச்சேஸ் 8.56. அதனால் பெருக்கினால் சுமார் 24 லட்சம். ஆக அந்த 35 லட்சத்திலும் 24 லட்சம்தான் பத்திரம் தரும் வாடகை. பாக்கி 11 லட்சம், பதினாறாவது வருஷம் யார் வருகிறார் என்பதைப் பொறுத்தது.

அந்த 24 லட்சமாவது நிச்சயமா? அதற்குப் பத்திரத்தைப் படிக்க வேண்டும். புரோக்கர் கொடுத்த மாதிரிப் பத்திரத்தை நான் மூன்று தடவை படித்தேன். அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ஒரு பத்தி இருந்தது: வங்கி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் காலி செய்துகொள்ளலாம். உரிமையாளர் பதினைந்து வருஷமும் காலி செய்யச் சொல்லக்கூடாது.

அப்படியானால் பதினைந்து வருஷம் கட்டுப்பட்டது மாமா மட்டும். வங்கி கட்டுப்பட்டது மூன்று மாதத்துக்கு! "பதினஞ்சு வருஷ லீஸ்" என்ற சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியவில்லை.

கடன் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். 20 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி, பதினைந்து வருஷத் தவணை என்றால் மாதம் 21,492 ரூபாய். வாடகை வந்தால் 8,508 ரூபாய் மிச்சம். வாடகை நின்றால் அந்த மாதமே கையிலிருந்து 21,492. வங்கி காலி செய்யலாம், தவணை காலி செய்யாது.

ஐந்தா, மூன்றா?

இன்னொரு பத்தி, வாடகை உயர்வு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவிகிதம் என்று போட்டிருந்தது. கேட்கப் பெரிதாக இருக்கும். வருஷக் கணக்கில் பிரித்தால் 2.8 சதவிகிதம்தான். விலைவாசி வருஷத்துக்கு 5 சதவிகிதம் ஏறுவதாக வைத்தால் ஐந்து வருஷத்தில் அது 27 சதவிகிதத்துக்கு மேல் போய்விடும். வாடகை ஏறுவதுபோல் ஏறி, உண்மையில் இறங்கும்.

அதே 15 சதவிகிதம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று இருந்தால்? இரண்டையும் பதினைந்து வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து வருஷ உயர்வில் மொத்த வாடகை 62,50,500 ரூபாய். மூன்று வருஷ உயர்வில் 72,81,772 ரூபாய். வித்தியாசம் 10 லட்சத்து 31 ஆயிரம். மாமாவின் சவூதிச் சேமிப்பு முழுவதும் 10 லட்சம்! பத்திரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றுவதற்கு இவ்வளவு விலை.

உயர்வுப் பத்தியே சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கருக்கு மேல் அரசு நிலம் 1946-இல் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. பிற்பாடு அரசு வாடகையை உயர்த்த, கிளப் மறுக்க, வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையையே ரத்து செய்தது. அரசாங்கத்துக்கே இந்தப் பாடு என்றால், நாலரை சென்ட்காரர் எம்மாத்திரம்?

நிறுவனம் நிலையானதா?

"ஆளை நம்பி விட்டாத்தான் பயம். இது பேங்க்" என்றார் மாமா. வாடகை பாக்கி வைக்காது என்ற வரையில் அது சரிதான். ஆனால் நிறுவனங்களும் மாறுகின்றன. மதுரையில் 1943-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 அன்று பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காகச் சுருங்கின. டெபாசிட்காரர்களின் கணக்கு அடுத்த வங்கிக்குப் போய்விடும். ஆனால் ஒரே ரோட்டில் இரண்டு கிளை எதற்கு என்று ஒன்றை மூடினால், கட்டட உரிமையாளருக்கு வருவது அந்த மூன்று மாத நோட்டீஸ்தான்.

பெரிய முதலீட்டாளர்களும் இதையேதான் பார்க்கிறார்கள். ஐ.டி. கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்ட பெரிய கட்டடங்களில் பொதுமக்கள் பங்கு வாங்கும் ரீட் என்ற ஏற்பாடு நம் நாட்டில் 2014-இல் செபி விதிகளோடு வந்தது. முதல் ரீட்டான எம்பசி 2019-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. விதிப்படி சொத்தில் குறைந்தது 80 சதவிகிதம் கட்டி முடித்து வருமானம் தருகிற கட்டடமாக இருக்க வேண்டும். பகிர வேண்டிய பணத்தில் குறைந்தது 90 சதவிகிதத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் வெளியிடும் அறிக்கையில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, லீஸ்கள் சராசரியாக இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்பதெல்லாம் தவறாமல் இருக்கும். அவர்களுக்கு ஒரு கட்டடம் காலியானால் மற்றவை தாங்கும். மாமாவுக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

பதிவு என்னும் கவசம்

சட்டம் நம் பாடமில்லை என்றாலும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடக் குத்தகையை 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் பதிவு செய்யச் சொல்கின்றன. பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் பதினைந்து வருஷம் என்று எழுதினாலும் அது மாதவாடகை மாதிரிதான் ஆகும். அப்படிப்பட்ட மாதவாடகையை வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள் நோட்டீஸில் முடிக்கலாம். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பதினைந்து வருஷத்தைப் பதினைந்து நாளாக ஆக்கிக்கொள்ளக் கூடாது.

பிளானிலேயே பதில்

கடைசியில் என்ன செய்தோம்? இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு மாமாவும் நானும் போய் அந்த அதிகாரிகளிடம் பேசினோம். எனக்குக் கை நடுங்கியது நிஜம். ஆனால் கணக்கைக் காட்டியதும் அவர்கள் உட்காரச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உயர்வு முடியாது என்றார்கள், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 15-க்குப் பதில் 20 சதவிகிதம் தருகிறோம் என்றார்கள். அதனால் மட்டும் பதினைந்து வருஷத்தில் 3,01,500 ரூபாய் கூடுதல். முதல் மூன்று வருஷம் காலி செய்வதில்லை, அதன் பிறகு ஆறு மாத நோட்டீஸ் என்று ஒத்துக்கொண்டார்கள். ஏறுகிற சொத்து வரி மாமா தலையில்தான்.

மீதிப் பயத்துக்கு மருந்து பத்திரத்தில் இல்லை, பிளானில் இருந்தது. மனை 40 அடிக்கு 49 அடி. கட்டடம் 40-க்கு 30, ஆக 1,200 சதுர அடி. நாங்கள் வரைந்த பிளானில் சுவர் மேல் பாரம் இல்லை. எல்லாம் தூணும் பீமும் தாங்கும். நீளவாக்கில் மூன்று பகுதி. முன்சுவரில் மூன்று ஷட்டர் அளவுக்கு இப்போதே லிண்டல் போட்டு, இடைவெளியை வெறும் செங்கல்லால் அடைப்பது. மூன்று மீட்டருக்கு இப்போதே பைப் பதிப்பது. ஸ்ட்ராங் ரூம் நடுவில் வராமல் பின்மூலையில் வருவது. வங்கி போனால் குறுக்குச் சுவர் இரண்டு எழுப்பி, முன்சுவரைத் திறந்தால் ஆளுக்கு 400 சதுர அடியில் மூன்று கடை. ஸ்ட்ராங் ரூம் ஒரு கடைக்குக் குடோன் ஆகிவிடும். கடை ஒன்று 8,000 ரூபாய்க்குப் போனாலும் மாதம் 24,000. தவணை 21,492 கட்டிவிடலாம். இதற்கெல்லாம் கூடுதல் செலவு எழுபதாயிரம் என்றார் அப்பா.

இன்னொன்றும் மாமா சம்மதித்தார். முதல் மூன்று வருஷம் தவணை போக மிஞ்சும் பணத்தைத் தொடுவதில்லை. வரியும் இன்சூரன்ஸும் கட்டியது போக அது சுமார் 2,46,000 ரூபாய் சேரும். பதினொரு மாதத் தவணைக்குக் காணும். கட்டடம் காலியாகக் கிடந்தாலும் ராத்திரி தூங்கலாம்.

நண்பர்களுக்கு

நிறுவனத்துக்கு நீண்டகாலம் விடும் புதுக் கட்டடம் ஒன்றைப் பற்றி யாராவது உங்களிடம் கேட்டால் இவற்றை வரிசையாகக் கேளுங்கள்:

1. முதலில் மனை விலையைச் சேர்த்தாயிற்றா?
2. வரி, இன்சூரன்ஸ், பழுது, சிங்கிங் ஃபண்ட், காலியாக இருக்கும் காலம் ஐந்தையும் கழித்தாயிற்றா?
3. எத்தனை வருஷ லீஸ் என்பதல்ல, எதிர்த்தரப்பு எத்தனை மாதத்தில் போகலாம்?
4. வாடகை உயர்வு வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது?
5. பத்திரம் பதிவாகுமா?
6. அவர்கள் போன மறுநாள் இந்தக் கட்டடம் வேறு எதற்கு உதவும்?

ஆறாவது கேள்விக்குப் பதில் சொல்ல வக்கீலாலும் ஆடிட்டராலும் முடியாது. பிளான் வரைகிற நம்மால்தான் முடியும். ஆகவே இது நம் கேள்வி.

மாசி மாதம் வாஸ்து செய்தோம். அன்று சாயங்காலம் அப்பா தூண்குழி பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "முப்பது வருஷமாக் கட்டுறேன். கட்டி முடிச்சதும் சாவியக் குடுத்துட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் அந்தக் கட்டடம் என்ன சம்பாதிக்குது, எப்படி அழியுதுன்னு எனக்குத் தெரியாது. நீ அதையும் படிக்கிற."

நம்மில் பலர் வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் வீட்டுக்காரர்கள் நம்மிடம் கேட்கப்போகிற கேள்வி பரீட்சைத் தாளில் வராது, திண்ணையில்தான் வரும். "போட்டுச் சொல்லு" என்பார்கள். அன்றைக்குச் சரியாகப் போட்டுச் சொல்லும் அளவுக்குப் படித்து வைப்போம்!